பேத்திக்காக ஒரு பாஸ்தா சாஸ்

நம் இதழில் சமையல் குறிப்பு எழுதுவது இதுவரை சகோதரிகளின் தனிச்சொத்தாகவே இருந்து வந்திருக்கிறது. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம், சரளைக்கல், ஸ்லீப்பர் கட்டை என்று முப்பத்தாறு ஆண்டுகள் காலம் தள்ளி ஓய்வு பெற்ற நான் அதில் தலையிடுவதை அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் எழுதப்போவது ஒரே ஒரு சாஸைப் பற்றி. அதைச் செய்யக் கற்றுக்கொண்டபோது நான் செய்த ஒரு தவறையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். அந்தத் தவறு இந்த டெல்லியில் இன்னும் பல தமிழ் வீடுகளில் நடந்துகொண்டிருக்கலாம் என்பதால்தான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

வியாதி வந்த கதை

என் மகன் வழிப் பேத்திக்கு இப்போது பத்து வயது. நான்கு வயதிலிருந்தே அவள் வகுப்பில் எல்லோரையும் விடக் குள்ளம். கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். முகம் வெளிறியிருக்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. ரத்தசோகை என்றார்கள், ஒன்றரை ஆண்டு இரும்புச் சத்து டானிக் கொடுத்தோம். பூச்சி மருந்து கொடுத்தோம். "அவள் பாட்டி மாதிரி, குடும்ப வாகு" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு எண்டோஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று முடிவாயிற்று.

பெயர் புதிதாக இருந்தாலும் விஷயம் சிக்கலானதல்ல. கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் கசக்கிக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். மாவுச் சத்தெல்லாம் பால் போல் கரைந்து போய், கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒரு பிசின் மிஞ்சும். அதுதான் குளூட்டன். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இந்த வகைப் புரதம் உண்டு. சப்பாத்தி இழுபடுவதும், ரொட்டி உப்புவதும், பரோட்டா வீச முடிவதும் இதன் தயவால்தான். அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, பருப்பு வகைகளில் இது கிடையாது.

சிலருடைய உடம்பு இந்தப் புரதத்தை எதிரியாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது சிறுகுடலின் உட்சுவர். அந்தச் சுவர் டர்க்கி டவல் போல் நுண்ணிய விரல்களால் நிறைந்தது. சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்சுவது அந்த விரல்கள்தான். அவை மழுங்கிப் போனால் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. எங்கள் டானிக் பாட்டில்கள் வீணானதற்குக் காரணம் இதுதான்.

1888-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்த நோயைப் பற்றி விவரமாக எழுதினார். வைத்தியம் உணவில்தான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. எந்த உணவு என்பது பிடிபடவில்லை. 1920-களில் அமெரிக்காவில் வாழைப்பழப் பத்தியம் வைத்துக் குழந்தைகளைத் தேற்றினார்கள். பத்தியத்தில் ரொட்டி இல்லாததுதான் குணத்துக்குக் காரணம் என்பது அப்போது தெரியவில்லை. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் டிக்கேவுக்குக் கோதுமையின் மேல் முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், ஹாலந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போயிற்று. ஊரெல்லாம் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. டிக்கே இதையெல்லாம் ஆராய்ந்து 1950-ல் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். இன்று வரை இந்த நோய்க்கு மருந்து என்பது ஒன்றுதான்: ஆயுள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

"இது பஞ்சாபிகளுக்கு வருகிற வியாதி, நமக்கு வராது" என்று ஒரு நண்பர் சொன்னார். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் நோய் இருந்தது. ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு மூன்று பகுதி மக்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காணப்பட்டது. பெரிய வித்தியாசம் சாப்பிடும் கோதுமையின் அளவில் இருந்தது.

அரிசிச் சோறு தின்ற பரம்பரை நாம். உத்தியோகம் தேடி இங்கே வந்தோம். நம் பிள்ளைகள் காலையில் ரொட்டி, மத்தியானம் பூரி, சாயங்காலம் நூடுல்ஸ், இரவு சப்பாத்தி என்று வளர்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயமும்தான்.

பாஸ்தா கேட்ட பேத்தி

நோய் தெரிந்த அன்றே வீட்டிலிருந்து ஆட்டா, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். நான் மட்டும் கொஞ்சம் மார்தட்டிக்கொண்டேன். "நமக்கென்ன கஷ்டம்? இட்லி, தோசை, சாதம், சாம்பார், ரசம். நம் சாப்பாட்டில் கோதுமைக்கு இடமே இல்லை" என்று மருமகளுக்குத் தைரியம் சொன்னேன். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஒரு நாள் சிநேகிதி வீட்டுப் பிறந்த நாள் விழாவுக்குப் போய் வந்த பேத்தி பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேக், பீட்சா, பாஸ்தா எதையும் தொடாமல், அம்மா கொடுத்தனுப்பிய டப்பாவிலிருந்து சிப்ஸ் தின்றுவிட்டு வந்திருக்கிறாள். "தாத்தா, நீ எனக்குப் பாஸ்தா பண்ணித் தருவியா?" என்று கேட்டாள். ரயில்வேயில் பெரிய அதிகாரிகள் கேட்டபோதுகூட நான் இவ்வளவு வேகமாகத் தலையாட்டியதில்லை.

அரிசியிலும் மக்காச்சோளத்திலும் செய்த பாஸ்தா பெரிய கடைகளில் கிடைக்கிறது. விலைதான் சாதாரணப் பாஸ்தாவைப் போல் இரண்டு மூன்று மடங்கு. சாஸை மட்டும் பாட்டிலில் வாங்க எனக்கு மனம் வரவில்லை. நாமே செய்வோம் என்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் தடவை செய்தது சாஸாக வரவில்லை. "தாத்தா, இது தக்காளித் தொக்கு" என்று பேத்தி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள். மூன்றாம் தடவை பாஸ் மார்க் கிடைத்தது. இதில் ஒரு சங்கடம். இத்தாலியர்கள் பலர் இந்தச் சாஸில் பூண்டு சேர்ப்பார்கள். எங்கள் வீட்டிலோ பூண்டு நுழைந்ததில்லை. மணத்துக்கு என்ன செய்வது? பூண்டு சேர்க்காத வீடுகளில் வழக்கமாகச் செய்வதைத்தான் நானும் செய்தேன். அரை டீஸ்பூன் பெருங்காயத் தூள் போட்டேன். வாசனை தூக்கியடித்தது. வாரம் இரண்டு தடவை சாஸ் செய்து, பேத்தி தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

விசாரணை

ஆறு மாதம் கழித்து மறுபடியும் ரத்தப் பரிசோதனை. நோயின் அளவைக் காட்டும் எண் பாதியாகக்கூட இறங்கவில்லை. எடையும் பெரிதாக ஏறவில்லை. "எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கண்டுபிடியுங்கள்" என்றார் மருத்துவர். பள்ளிக்கூடத்தைச் சந்தேகித்தோம். பேத்தியையே சந்தேகித்து, "ஒளிந்து பிஸ்கட் தின்றாயா?" என்று கேட்டு அவளை அழவும் வைத்தோம். அதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

ரயில் தடம் புரண்டால் நாங்கள் முதலில் சக்கரம் ஏறிய இடத்தைக் கண்டுபிடிப்போம். அங்கிருந்து பின்னோக்கி, வண்டி வந்த வழியே தண்டவாளத்தை அளந்துகொண்டு போவோம். கோளாறு பெரும்பாலும் வண்டி விழுந்து கிடக்கும் இடத்தில் இருக்காது. அதற்கு முன்பே இருக்கும். அதே மாதிரி பேத்தியின் தட்டிலிருந்து பின்னோக்கிப் போனேன். தட்டு, கரண்டி, பாத்திரம், அஞ்சறைப் பெட்டி, அலமாரி. ஒவ்வொரு டப்பாவையும் பொட்டலத்தையும் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

இரண்டு கோளாறுகள் அகப்பட்டன. முதலாவது, பெருங்காயம். டப்பாவின் பின்புறம் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். அசல் பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அதன் காரமும் நெடியும் தாங்காது என்பதால் கோந்தும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமாகத்தான் கடைக்கு வருகிறது. தூளும் அப்படித்தான், கட்டியும் அப்படித்தான். கலக்கும் மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை டீஸ்பூன் தூள் ஏறக்குறைய ஒன்றரை கிராம். அதில் பாதி மாவு என்று வைத்துக்கொண்டால் முக்கால் கிராம். மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 75 மில்லிகிராம். என் சாஸ் ஒரு கிலோ. ஆக, கிலோவுக்கு 75 மில்லிகிராம். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். நான் கைப்படச் செய்து ஊட்டிய சாஸ் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இதற்கு மேல் சாம்பார், ரசம், மோர், மிளகாய்ப்பொடி எல்லாவற்றிலும் அதே பெருங்காயம். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் சில மாதம் தொடர்ந்து போனாலே குடல் பழுதாகும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். ஒரு ரொட்டித் துண்டில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு போல அது.

இரண்டாவது கோளாறு, மாவு மில். அரிசி மாவும் கடலை மாவும் தெருமுனைச் சக்கியில் புதிதாக அரைத்து வாங்குவது சுத்தம் என்று எண்ணியிருந்தோம். அந்தச் சக்கியில் நாள் முழுதும் ஓடுவது கோதுமை. கல்லிடுக்கில் தங்கிய கோதுமை மாவு நம் அரிசி மாவில் வந்து சேரும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. "நம் சாப்பாட்டில் கோதுமைக்கு இடமே இல்லை" என்று மார்தட்டியவன் நான்தானே.

மறுநாள் காலையில் சமையலறையில் ஒரு அதிசயம் கண்டேன். நாற்பது ஆண்டு இல்லறத்தில் பூண்டைத் தொட்டறியாத என் மனைவி, ஒரு தட்டில் பூண்டுப் பற்களை வைத்துக்கொண்டு, எப்படி உரிப்பது என்று தெரியாமல் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "பெருங்காயம்தானே குழந்தைக்கு ஆகாது? சாஸுக்கு இதைப் போடுங்கோ" என்றாள். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து நானும் உரித்தேன்.

சாஸ் செய்யும் முறை

நான்கு பேருக்குத் தாராளமாக வரும். நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ, வெங்காயம் 200 கிராம், காரட் 150 கிராம், மஞ்சள் பூசணி 250 கிராம், சிவப்புக் குடமிளகாய் ஒன்று, பூண்டு நான்கு பல், எண்ணெய் நான்கு மேஜைக்கரண்டி, உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத் தூள் அரை டீஸ்பூன், பேசில் இலை ஒரு கைப்பிடி.

எண்ணெய் ஆலிவாக இருந்தால் நல்லது; கடலை எண்ணெயும் குற்றமில்லை. நல்லெண்ணெய் வேண்டாம், தொக்கு வாசனை வந்துவிடும். குளிர்காலத்தில் நம் ஊர்ச் சந்தையில் குவியும் சிவப்புக் காரட் இதற்கு மிகவும் பொருத்தம், நிறமும் இனிப்பும் அதிகம். பூசணியை இங்கே சீதாபல் என்று கேட்க வேண்டும்; நம் ஊர்ச் சீதாப்பழத்தை நினைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம். பேசில் என்பது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். சப்ஜா விதை தரும் செடி அது. துளசி இதற்கு உறவு என்றாலும் மணம் வேறு. சாஸில் போட்டால் கஷாயம் மாதிரி ஆகிவிடும்.

தக்காளியின் அடியில் கத்தியால் சிலுவைக் குறி கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் தோல் தானாகக் கழன்று வரும். தோலை நீக்கிப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். வெங்காயம், காரட், பூசணி, குடமிளகாய் எல்லாவற்றையும் மிகப் பொடியாக நறுக்க வேண்டும்.

அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள். இரும்புக் கடாய் கூடாது. தக்காளிப் புளிப்பு இரும்பைக் கரைத்து, சாஸ் கறுத்து உலோக ருசி வரும். எண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்து வெங்காயத்தையும் காரட்டையும் கால் டீஸ்பூன் உப்புடன் போட்டுப் பத்து நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது, கண்ணாடி போல் ஆனால் போதும். இத்தாலியர்கள் இந்த அடித்தளத்தைச் சோஃப்ரித்தோ என்கிறார்கள். அவர்கள் இதில் செலரித் தண்டும் சேர்ப்பார்கள். பிறகு பூண்டை நசுக்கிப் போட்டு ஒரு நிமிடம். பூண்டு கருகினால் கசக்கும். அடுத்து பூசணியும் குடமிளகாயும். மூடி போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, பூசணியைக் கரண்டியின் பின்புறத்தால் மசித்துவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் தக்காளி. வரிசையை மாற்றக் கூடாது. காய் வேகுமுன் புளி விட்டால் குழம்பில் காய் வேகாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததுதான். புளிப்பில் காயின் நார்ப்பசை இளகாது. தக்காளியும் அதே வேலையைத்தான் செய்யும்.

தக்காளியும் மீதி உப்பும் சேர்த்த பின் மூடியை எடுத்துவிடுங்கள். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். சாஸ் கெட்டியாவது என்பது இந்தத் தண்ணீர் ஆவியாவதுதான். மூடி வைத்தால் ஆவி திரும்ப உள்ளேயே விழும். சிறிய பர்னரில் நிதானமாக முப்பத்தைந்து நாற்பது நிமிடம் கொதிக்கட்டும், அவ்வப்போது கிளறிவிடுங்கள். அறுநூறு கிராம் தண்ணீர் ஆவியாகி, சுமார் ஒரு கிலோ சாஸ் மிஞ்சும். எரிவாயு எவ்வளவு செலவாகும் என்று பழைய பழக்கத்தில் கணக்குப் போட்டேன்: எழுபது கிராம் அளவுக்கு வருகிறது. ஒரு சிலிண்டரில் இருநூறு தடவை சாஸ் செய்யலாம்.

கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு இரண்டு நொடி மறையாமல் நின்றால் பதம். அப்போது மிளகுத் தூளும் கிள்ளிய பேசில் இலையும் போட்டு இறக்குங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரை போடுவதை விட அடுத்த முறை காரட்டைக் கூட்டுவது நல்லது. வழவழப்பாக வேண்டுமானால் ஆறிய பின் மிக்ஸியில் ஒரு சுற்று.

பல சமையல் புத்தகங்களில் 'கெட்டியாக்க ஒரு ஸ்பூன் மைதா' என்று இருக்கும். ஒரு டீஸ்பூன் மைதா மூன்று கிராம். அதில் 300 மில்லிகிராம் குளூட்டன். அனுமதித்த அளவைப் போல் பதினைந்து மடங்கு. மசித்த பூசணி அந்த வேலையை மைதாவை விட அழகாகச் செய்கிறது. பூசணி கிடைக்காத நாளில் கால் கோப்பை பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்ப்பேன். அதுவும் நன்றாகவே வருகிறது.

பாஸ்தாவும் சேவையும்

கோதுமைப் பாஸ்தாவில் குளூட்டன் ஒரு வலை போல் நின்று மாவைப் பிடித்து வைக்கிறது. அரிசிப் பாஸ்தாவில் அந்த வலை கிடையாது. ஆகையால் ஒரு நிமிடம் கூடினாலும் குழைந்து உடையும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, வெந்நீரில் ஒரு முறை அலசி, உடனே சாஸில் புரட்டிவிட வேண்டும். ஆறினால் கட்டையாகிவிடும்.

பாஸ்தா தீர்ந்துபோன ஒரு நாள், வீட்டில் செய்த அரிசிச் சேவையில் இந்தச் சாஸை ஊற்றிக் கொடுத்தேன். பேத்தி சாப்பிட்டுவிட்டு, "தாத்தா, இது இன்னும் மெல்லிசு பாஸ்தா" என்றாள். எலுமிச்சைச் சேவை, தேங்காய்ச் சேவையோடு இப்போது எங்கள் வீட்டில் தக்காளிச் சாஸ் சேவையும் சேர்ந்துவிட்டது. செலவும் பத்தில் ஒரு பங்குதான்.

ஒட்டாமல் காப்பது

சாஸில் கோதுமை போடாமல் இருப்பது பாதி வேலைதான். வேறு வழியில் வந்து ஒட்டாமல் காப்பது மீதி. ஒற்றைப் பாதையில் ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம் என்பது ரயில்வேயின் அடிப்படை விதி. சமையலறையிலும் எனக்கு அதுதான் விதி. மற்றவர்களுக்குச் சப்பாத்தி செய்யும் வீடுகளில் சில பொருள்கள் தனியாகவே இருக்க வேண்டும்: தோசைக்கல், வடிதட்டு, மரக்கரண்டி, சல்லடை. இவற்றின் துவாரங்களிலும் வெடிப்புகளிலும் புகுந்த மாவைக் கழுவி எடுப்பது கடினம். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால் போதும். கோதுமை மாவு சலித்தால் தூசி பறந்து அடுப்பு மேடை முழுதும் படியும். ஆகவே இந்தச் சமையல் முடிந்து மூடி வைத்த பிறகே அந்தச் சமையல்.

ஓட்டலில் 'குளூட்டன் இல்லாத பாஸ்தா' என்று எழுதியிருந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தத் தண்ணீரில் வேகவைக்கிறீர்கள்?" கோதுமைப் பாஸ்தா வெந்த அதே தண்ணீரில் இதையும் போட்டெடுக்கும் வழக்கம் உண்டு. சாஸைத் தளர்த்தவும் அந்தத் தண்ணீரையே ஒரு கரண்டி விடுவார்கள். நம் பக்கத்து ஓட்டல்களிலும் ரவா தோசை வார்த்த கல்லிலேதான் சாதா தோசையும் வார்ப்பார்கள். சோயா சாஸ், மால்ட் பானங்கள், சில மசாலாப் பொடிகள் இவற்றிலும் கோதுமையோ பார்லியோ ஒளிந்திருக்கலாம்.

பாஸ்தாவின் தாயகமான இத்தாலியில் இந்த நோயை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள் தெரியுமா? குளூட்டன் இல்லாத உணவு வாங்க நோயாளிகளுக்கு அரசாங்கமே மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய 2023-ல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். இங்கே நாம் டானிக்கோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, சந்தேகத்தின் பேரில் நீங்களாகவே குழந்தைக்குக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியும். நிறுத்திய பிறகு பார்த்தால் ஒன்றுமில்லை என்று வந்து ஏமாற்றும். வளராத குழந்தை, டானிக்குக்கு மசியாத ரத்தசோகை, ஓயாத வயிற்றுக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருக்கு இருந்தால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது அரிசி மாவு கலந்த பெருங்காயம். அப்படியும் சில தயாரிப்புகள் உண்டு, பொட்டலத்தைப் படித்து வாங்க வேண்டும். அரிசி மாவை வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்கிறோம். இந்த மாற்றங்களுக்குப் பிறகு ஓராண்டில் ரத்தத்தின் எண் சரியான எல்லைக்குள் வந்துவிட்டது. அந்த ஆண்டு பேத்தி ஏழு சென்டிமீட்டர் வளர்ந்தாள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்தது நான்தான். அளவில் பிழை இருக்காது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் பொங்கல் விழா விருந்திலும் மற்ற விசேஷங்களிலும் ஒரு சிறிய பாத்திரத்தில் சாம்பாரும் ரசமும் கோதுமை கலக்காத பெருங்காயம் போட்டுத் தனியாக, தனிக் கரண்டியோடு வைத்து, ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் போதும். செலவு அதிகம் ஆகாது. போன பொங்கலுக்கு என் பேத்தி வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அடுத்த பொங்கலுக்கு அவள் எல்லோரோடும் பந்தியில் உட்கார வேண்டும். பரிமாற ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.